மருந்துக்கு முன் மீன்: டேனரி ஆய்வகத்தாருக்கு ஒரு பக்கத் தொழில்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எங்கும் கடல் கிடையாது. ஆனால் ஓட்டல் வரவேற்பறையிலும் நர்சிங் ஹோமிலும் ஷூ கம்பெனி முதலாளி வீட்டு ஹாலிலும் கடல்மீன் தொட்டியைப் பார்க்கலாம். தொட்டியும் மீனும் விற்கக் கடைகள் உண்டு. மீன் படுத்துவிட்டால் வந்து பார்க்கத் தெரிந்த ஆள்தான் அரிது. அந்த வேலைக்கு இந்தப் பகுதியில் பாதி தயாராக இருப்பவர்கள் டேனரிகளின் கழிவுநீர் ஆய்வகங்களில் இருப்பவர்கள்.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரி இயங்க முடியாது என்று ஆனது. பாலாற்றுக்காகத் தொடுத்த அந்த வழக்குக்குப் பிறகு நீரை அளந்து எண்ணாக எழுதும் வேலை இங்கே வேரூன்றிவிட்டது. பி.எச்., அம்மோனியா, உப்பு, உலோகம் எல்லாம் உங்களுக்குப் பழகியவை. கடல்மீன் ஒட்டுண்ணி வைத்தியத்தில் முக்கால்வாசி அதுதான். மீதி கால்வாசி, மீனைப் பார்க்கத் தெரிவது.

முதல் விதி: விளக்குப் போடுவதற்கு முன், அதிகாலையில் போங்கள். தொட்டியில் கை வைக்காமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, ஒரு பக்கம் மட்டும் மூடிக்கிடக்கிறதா, மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கிறதா, தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் போய் முகத்தைக் காட்டி நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். "தம்பி, ஏதாவது ஊத்திட்டுப் போயிடு" என்று முதலாளி அவசரப்படுத்துவார். "என்ன நோய்னு தெரியாம ஊத்த முடியாது பாய்" என்று சொல்லிப் பழகுங்கள். தொழிலில் பெயர் வாங்கித் தருவது அந்த ஒரு வாக்கியம்.

மூன்று நோய்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பெரும்பாலான அழைப்புகளைச் சமாளிக்கலாம். உப்பைத் தூவியதுபோல் எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் கிரிப்டோகேரியான். புள்ளி சில நாளில் மறையும். வீட்டுக்காரர் குணமாகிவிட்டது என்று மகிழ்வார். உண்மையில் ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கி, தரையில் கூடு கட்டி, உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். மறுபடி வரும்போது முன்னைவிடப் பல மடங்காக வரும். மாவு படிந்ததுபோல் மெல்லிய பொன்னிறத் தூசி, கூடவே மூச்சிரைப்பு என்றால் வெல்வெட், அதாவது அமைலூடினியம். இது செவுளைத்தான் முதலில் பிடிக்கும். தோலில் எதுவும் தெரியாமலே ஓரிரு நாளில் தொட்டி காலியாகலாம். அங்கே நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது புரூக்லினெல்லா. புதிதாக வந்த கோமாளி மீனின் உடம்பிலிருந்து சளி உரிந்து தொங்கினால் அதைச் சந்தேகியுங்கள். முதல் இரண்டுக்கும் தாமிரம் வேலை செய்யும், மூன்றாவதற்குச் செய்யாது. தப்பாகப் பிரித்தால் மருந்து ஊற்றிய நிம்மதியிலேயே மீன் போய்விடும்.

ஆய்வக நுண்ணோக்கி கைக்கு எட்டினால் செவுளிலிருந்து ஒரு துளி சுரண்டல் போதும். உருண்டு சுழல்வது கிரிப்டோகேரியான். அசையாமல் பேரிக்காய் வடிவில் ஒட்டிக்கிடப்பது வெல்வெட். துடுப்பில் காலிபிளவர் போல் முடிச்சு மட்டும் இருந்தால் அது வைரஸ் தரும் லிம்போசிஸ்டிஸ். அதற்கு மருந்தே வேண்டாம், நல்ல தீனியும் நல்ல தண்ணீரும் போதும். அதற்கும் காசு வாங்கி மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

தட்டைப்புழு கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். தொட்டியின் அதே வெப்பத்துக்கும் பி.எச்.சுக்கும் கொண்டுவந்த, உப்பும் குளோரினும் இல்லாத நல்ல தண்ணீரில் காற்று விட்டு, மீனை ஐந்து நிமிடம் வரை வைத்தால் புழு வெளுத்து உதிரும். வாளியின் அடியில் எள்ளுபோல் கிடப்பதை வீட்டுக்காரருக்கே காட்டலாம். பிறகு லிட்டருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவான்டல். முட்டையை அது கொல்லாது. அதனால் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும்.

தாமிரத்தில்தான் உங்கள் ஆய்வகக் கை பேச வேண்டும். அயனித் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், அதற்குக் கீழே ஒட்டுண்ணி பிழைக்கும், மேலே ஏறினால் மீன் சாகும். 100 லிட்டருக்கு 20 மில்லிகிராம் தாமிரம் தேவை. மயில்துத்தத்தில் தாமிரம் கால் பங்குதான், ஆகவே சுமார் 80 மில்லிகிராம் மயில்துத்தம். இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, தினம் இரண்டு வேளை அளந்து, மூன்று வாரம் பிடித்துவைக்க வேண்டும். கடையில் விற்கும் கீலேட் செய்த தாமிர மருந்துகளுக்கு அளவே வேறு. புட்டியில் உள்ளபடிதான் போக வேண்டும். எதுவானாலும் வெறுந்தொட்டியில், தனியாக. அலங்காரத் தொட்டியில் ஊற்றினால் பவளப் பாறை தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். மருந்து முடிந்த தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள். பாலாற்றங்கரைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மீன் சிகிச்சையில் இருக்கும்போது பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும். கிரிப்டோகேரியான் கூடு 72 நாள்வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு உண்டு. அதனால்தான் 76 நாள் என்பது தொழிலில் பாதுகாப்பான கணக்கு. காலித் தொட்டியைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவிடுங்கள். புது மீன் எதுவும் தனித்தொட்டியில் ஒரு மாதம் இருந்த பிறகே உள்ளே போகும் என்பதையும் அதிலேயே சேருங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் வந்த மீனை அப்படியே தொட்டியில் கவிழ்ப்பதுதான் பாதி நோய்க்குக் காரணம்.

வேலூர் மே மாத வெயிலில் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமெடுக்கும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்பு அவசியம். நிலத்தடி நீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான். உப்பின் அளவுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம். சட்டைப்பையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் அவ்வளவு தூரம் காட்டாது. தோலுக்குப் போடும் உப்பை இங்கே கொண்டுவர வேண்டாம். அதில் மெக்னீசியமும் கால்சியமும் தேவையான அளவு இல்லை. அதுபோலவே கம்பெனி ஃபார்மலினையும் மீன் மருந்தாகக் கொண்டுவர வேண்டாம். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் மீனுக்கு நஞ்சு. நல்ல ஃபார்மலினானாலும் கையுறை, திறந்த ஜன்னல் இல்லாமல் தொடாதீர்கள்.

கடல்குதிரையும் உயிருள்ள பவளமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. யாராவது விலைக்குத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். முறையாகப் படிக்க நினைத்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி என மூன்று கதவுகள் உண்டு. பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்திருங்கள்.

இன்னொன்று. விரலில் கீறலோடு தொட்டியில் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி அந்த வழியாக நுழையும். வாரக்கணக்கில் ஆறாத சிறு கட்டி வந்தால், மீன்தொட்டி வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.