இறுதியாண்டு புராஜெக்டுக்கு எந்த சென்சார்?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் பயோமெடிக்கல் இறுதியாண்டுப் பிள்ளைகள் தலைப்போடு என் அறைக்கு வருவார்கள். இந்த முறை வந்த பதினொரு குழுக்களில் ஏழு குழுக்களுக்கு ஒரே தலைப்பு: ஊசி குத்தாமல், ஒளியாலேயே ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி. ஏன் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "அப்பா சொன்னார் சார், இதைச் செஞ்சா கேம்பஸ்ல கண்டிப்பா எடுப்பாங்களாம்" என்றாள். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

முதலில் மற்ற ஒளி சென்சார்கள். ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 660, 940 நானோமீட்டரில் இரண்டு எல்.இ.டி., ஒரு போட்டோடயோடு. சர்க்யூட் பழக நல்ல இடம். ஃப்ளூரசன்ஸ் முறைக்கு நல்ல ஃபில்டர் வேண்டும், பிளாஸ்மான் முறைக்குத் தங்கம் பூசிய கண்ணாடி வேண்டும். கல்லூரியில் இருந்தால் எடுங்கள்.

ஊசியில்லாக் கருவிக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அகச்சிவப்பு ஒளியை அதுவே விழுங்கிவிடும். போதாததற்குத் தோல், கொழுப்பு, வியர்வை, விரலின் சூடு. பிள்ளைகள் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்து, "வேலை செய்யுது சார்" என்கிறார்கள். அது ரத்தத்தில் இருப்பதைப்போல ஐம்பது மடங்கு. போன வருடம் ஒரு மாணவனின் கருவியில் என் விரலை வைத்தேன்: 112. எடுத்து மறுபடி வைத்தேன்: 87. சற்று அழுத்தினேன்: 140. எல்லாம் இரண்டே நிமிடத்தில். பாவம், அவன் கருவி என் விரலின் அழுத்தத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எட்டு மாதத்தில் இதை முடித்துவிடலாம் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் ஓட்டு, நிறம் மாறிச் சர்க்கரையைக் காட்டும் காகிதப் பட்டைக்கு. நான் தொழில் கற்றதே அதில்தான், அந்தப் பாசமும் உண்டு. சிறுநீர்ச் சர்க்கரைக்கான கிளினிஸ்டிக்ஸ் பட்டை 1956-லேயே வந்துவிட்டது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் அதைக்கொண்டு சாயத்தை நிறம் மாற்றும். வேலை எளிதுபோலத் தோன்றும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: ஓரம் முதலில் காயும், நிறம் அங்கே போய் வளையமாகச் சேரும். ஜன்னல் வெளிச்சத்தில் போன் கேமரா ஒரு நிறம் காட்டும், டியூப்லைட்டில் இன்னொன்று. ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம், தீர்ந்ததை எண்ணில் காட்டலாம்.

உங்கள் கை எதற்குப் பழகும் என்று பாருங்கள். சால்டரிங்கில் நிதானமாக இருக்கும் கை பிப்பெட்டில் நடுங்கலாம்; அப்பாவுக்கோ பக்கத்து பெஞ்சுக்கோ அது தெரியாது. பொறுமை இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் வாரம் குளுக்கோஸே வேண்டாம். இருபது பட்டைகளில் வெறும் தண்ணீரைச் சொட்டி, ஒரே பெட்டிக்குள் வைத்துப் படமெடுங்கள். இருபது படங்களின் நிற எண்களையும் நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். தலைப்பை அப்புறம் பேசுவோம்.