சினைப்பை நீர்க்கட்டி: பயம் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்



டில்லியில் மகளிர் மருத்துவராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பத்துத் தாய்மார்கள் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெண்ணுக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். வெளியே தெரியாமல் சீக்கிரம் சரியாகிவிடுமா டாக்டர்?" சிலர் ஒரு படி மேலே போய், "கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்பார்கள்.

ஊரிலிருந்தால் பாட்டியோ அத்தையோ நாள் கணக்கைக் கவனித்துச் சொல்லியிருப்பார்கள். இங்கே தாயும் வேலைக்குப் போகிறாள், பெண்ணும் காலையில் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். மூன்று மாதம் தள்ளிப்போன பிறகுதான் பேச்சே எழுகிறது. ஆகவே இந்த விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

கட்டி அல்லாத கட்டி

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்ட அறிகுறிகளைத் தொகுத்து எழுதினார்கள். இன்று அதைப் பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்கிறோம். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது.

நீர்க்கட்டி என்ற பெயர்தான் பாதி பயத்துக்குக் காரணம். ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. மாதந்தோறும் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிவர வேண்டும். அவ்வாறு முதிராமல் பாதியில் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகளே அவை. அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. அவை புற்றுநோயும் அல்ல.

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, முகத்தில் முடி, தீராத பரு போன்ற ஆண் ஹார்மோன் மிகுதியின் அடையாளங்கள், ஸ்கேனில் தெரியும் மாற்றம். இம்மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் இல்லை என்றும் இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும், முதல் இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும் 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துக் கலங்கிப்போகும் பெற்றோர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

வேர் எங்கே இருக்கிறது?

நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் சாவி இன்சுலின். இந்த நோயுள்ள பலருக்கு அந்தச் சாவி சரியாகத் திருகுவதில்லை. எனவே கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையை மேலும் கெடுக்கிறது. இது ஒரு சுழல். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் இந்த இன்சுலின் மிகுதியின் அடையாளமே. தேய்த்துக் குளித்தால் போகாது.

"தின்று தின்று குண்டாகி வரவழைத்துக்கொண்டாள்" என்று பெண்ணைத் திட்டுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து புரியும். ஒல்லியான பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. எடை இதன் ஒரு பகுதிதான், முழுக் காரணம் அல்ல. ஆனால் சுழலை அறுக்க நம் கைக்கு எட்டும் இடம் அதுவே.

எவ்வளவு குறைந்தால் போதும்?

பழைய பாவாடை சட்டை போட்ட நாள் எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கூடுதல் எடை உள்ளவர் தம் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ வரைதான். மாதம் ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைந்தால் போதுமானது. பட்டினி கிடந்து பத்து நாளில் குறைக்கும் எடை அதே வேகத்தில் திரும்பி வரும்.

இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால் நமக்கு அளவுகோல் சற்றுக் கடுமையானது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தையல் டேப் ஒன்று போதும், வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

நம் அடுக்களையில் செய்யக்கூடியவை

இந்த நோய்க்கென்று தனி அதிசய உணவு எதுவும் இல்லை. எந்த முறையானாலும் பெண்ணால் விடாமல் கடைப்பிடிக்க முடிந்ததே நல்ல முறை. நான் சொல்லும் யோசனைகள் இவை:

1. இங்கு வந்த பின் நம் வீடுகளில் இரவில் சப்பாத்தியும் சாதமும் சேர்ந்தே பரிமாறப்படுகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உருளைக்கிழங்கைக் காய்கறியாக எண்ணாமல் சாதத்தின் கணக்கில் சேருங்கள்.

2. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கே சாதம். கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள். சர்க்கரை ஏறும் வேகம் குறையும். குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, முள்ளங்கியை நன்றாகப் பயன்படுத்துங்கள்.

3. காலையில் ஐந்து இட்லி என்பதை மூன்றாக்கி, காய் நிறையப் போட்ட சாம்பாரைக் கிண்ணத்தில் கொடுங்கள். அடையும் பெசரட்டும் பருப்பு மிகுந்தவை, அவை இன்னும் நல்லவை.

4. நாளைக்கு நான்கு முறை காபி, டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், அதாவது 40 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வெல்லமும் தேனும் உடலுக்குச் சர்க்கரைதான்.

5. மாலை நேரச் சமோசா, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், வறுத்த கடலை, மோர்.

மாதவிலக்கை வரவழைக்க எள்ளுருண்டையும் பப்பாளியும் கொடுப்பவர்கள் உண்டு. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் முட்டை முதிராத குறையை அவை தீர்ப்பதில்லை.

உடற்பயிற்சி

தசை வேலை செய்யும்போது சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது, இன்சுலினின் சுமை குறைகிறது. எடை குறையாவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேக நடை, அதாவது நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். அத்துடன் வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பள்ளிப் பெண்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓட்டமும் விளையாட்டும் தேவை. நவம்பர், டிசம்பரில் காற்று கெட்டிருக்கும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யலாம். தேர்வு என்று சொல்லி முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் விளையாட்டுதான். அதை மட்டும் செய்யாதீர்கள்.

மாத்திரை பற்றிய தயக்கம்

"கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போன தாய்மார்கள் உண்டு. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் விலக்கு வராவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அந்த மாத்திரை சவ்வைக் காப்பதோடு முடி வளர்ச்சியையும் பருவையும் குறைக்கிறது. முடி குறைய ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இரத்தக் கட்டு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் கோளாறுக்கு மெட்ஃபார்மின் கொடுக்கிறோம். நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்கள் இதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. யாரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைக் காட்டி மருந்து வாங்கக் கூடாது.

கல்யாணமும் குழந்தையும்

கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து அல்ல. நோய் கல்யாணத்துக்குத் தடையும் அல்ல. இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். முட்டை முதிர உதவும் லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் பரிசோதனையும் மாத்திரையும் நின்றுபோகின்றன. புகுந்த வீட்டில் ஒளித்து மாத்திரை சாப்பிட முடியாமல் ஓராண்டு விட்டுவிட்டு, சர்க்கரை ஏறிய நிலையில் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நிச்சயத்துக்கு முன் பெண்ணே பையனிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்நோயுள்ளவர்களுக்கு மனச்சோர்வும் அதிகம் காணப்படுகிறது. உறவினர் முன் "குண்டு", "மீசை" என்று கேலி பேசுவதை வீட்டார் அனுமதிக்கக் கூடாது. பெண் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மாதமே தொடங்க

ஒரு சிறு நோட்டில் விலக்கு வந்த தேதியைப் பெண்ணையே குறிக்கச் சொல்லுங்கள். பூப்பெய்தி மூன்று ஆண்டுகளுக்குப் பின் இடைவெளி 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, வருடத்தில் எட்டு முறைக்குக் குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். எந்த வயதானாலும் 90 நாள் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். நோய் உறுதியானவர்கள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பாருங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் இதழ் ஆசிரியர் முகவரிக்கு எழுதலாம். பெயர் வெளியிடாமல் அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.