ஈசலும் வெட்டுக்கிளியும் – மார்க்கச் சட்டம் என்ன?

மழை பெய்து ஓய்ந்ததும் நம் நெமிலிப் பக்கத்துச் சிற்றூர்களில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். புற்றருகே குழி தோண்டி, விளக்கு வைத்து, வந்து விழும் ஈசலை வாரி, இறகைப் புடைத்து நீக்கி, அரிசியோடு வறுத்துத் தின்பது இருளர் முதலான மக்களின் நெடுநாள் வழக்கம். சத்துள்ள உணவுதான். அண்டை வீட்டார் அன்போடு ஒரு தட்டில் கொண்டு வந்தால் நாம் உண்ணலாமா? "வெட்டுக்கிளி ஹலால் என்கிறீர்களே, ஈசல் மட்டும் ஏன் கூடாது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வெட்டுக்கிளி

நாயகம் (ஸல்) அவர்களுடன் ஆறு அல்லது ஏழு போர்களுக்குச் சென்றபோது வெட்டுக்கிளி உண்டதாக அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதாக இப்னு மாஜாவில் வருகிறது. ஆகவே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதை அறுக்க வேண்டியதில்லை. தானாகச் செத்துக் கிடந்தாலும் ஹலாலே.

எனினும் உடலுக்குக் கேடு தருவதை உண்ணலாகாது. 2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்தன. அவை வடநாட்டில் பயிரழித்த பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று அதிகாரிகள் விளக்கினர். எருக்கைத் தின்று வாழும் வெட்டுக்கிளியின் உடலில் எருக்கின் நஞ்சு சேரும். பூச்சி மருந்து தெளித்த வயலில் பிடித்ததும் ஆபத்தானதே.

ஈசல்

ஈசல் என்பது இறகு முளைத்த கறையான். நாயகம் (ஸல்) அவர்கள் நல்லவற்றை ஆகுமாக்கி, அருவருப்பானவற்றை விலக்குவார்கள் என்கிறது குர்ஆன் (7:157). பூச்சி, புழுக்களை ஹனஃபீ, ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் இமாம்கள் இந்த விலக்கில் சேர்த்தார்கள். வெட்டுக்கிளிக்குத் தனி ஆதாரம் உண்டு. ஈசலுக்கு அப்படி இல்லை. ஆகவே நாம் அதை உண்ணக் கூடாது.

மாலிகீ மத்ஹபில், தீங்கு தராத பூச்சியை பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொன்று உண்ண இடமுண்டு. நாவின் ருசிக்காக நாம் அங்கே தாவக் கூடாது. ஆனால் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒன்றை உண்பவரைப் பார்த்து முகம் சுளிப்பதும் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டு விடுவார்கள். "எங்கள் மார்க்கத்தில் இது இல்லை" என்று இனிமையாகச் சொன்னால் அண்டை வீட்டார் மனம் நோகாது.

உணவில் விழுந்தால்

பானத்தில் ஈ விழுந்தால் அதை முழுதும் அமிழ்த்தி எடுத்தெறியும்படி ஹதீஸ் கூறுகிறது. இதிலிருந்து, ஓடும் இரத்தம் இல்லாத பூச்சி விழுந்து செத்தால் நீரும் உணவும் நஜீஸ் ஆகாது என்று ஃபுகஹாக்கள் சட்டம் எடுத்தார்கள். ஆகவே அரிசியில் வண்டு கண்டால் மூட்டையையே கொட்டி விடாதீர்கள். புடைத்துச் சுத்தம் செய்து சமையுங்கள். சர்க்கரையில் எறும்பா? வெயிலில் வையுங்கள், போய்விடும். கத்தரிக்காயில் புழுவா? அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். வீண் விரயம் ஷைத்தானின் வழி.

வெளிநாட்டுப் பொட்டலங்கள்

சிங்கப்பூர் அரசு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தது. வெட்டுக்கிளியோடு சுவர்க்கோழியும் பட்டுப்புழுவும் அவற்றில் அடக்கம். அரசின் அனுமதி, உடலுக்குக் கெடுதி இல்லை என்பதற்கே. ஹலால் என்பதற்கு அல்ல. உறவினர் கொண்டு வரும் பொட்டலத்தில் என்ன கலந்துள்ளது என்று படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள்.

ஹலாலைப் பேணவும், அண்டை வீட்டார் மனம் நோகாமல் வாழவும் வல்ல நாயன் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.