மாடிசன் ஸ்குவேர் கார்டன்: சட்டமும் குத்துச்சண்டையும்

நியூயார்க் நகரத்தின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் அரங்கைக் குத்துச்சண்டையின் தலைமைப் பீடம் என்பர். பெயரில் தோட்டம் இருப்பினும் அங்கே செடி கொடி எதுவும் இல்லை. இன்று அது மாடிசன் சதுக்கத்திலும் இல்லை. 1879 முதல் நான்கு கட்டடங்கள் இப்பெயரைத் தாங்கியுள்ளன. முதல் இரண்டு மட்டுமே அச்சதுக்கத்தின் அருகே இருந்தவை.

இவ்வரங்கின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளை வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். ஆயின், கோதாவில் யார் இறங்கலாம், எத்தனை சுற்று மோதலாம், வென்றவர் இவர் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றையெல்லாம் முடிவு செய்தவை சட்டமன்றமும் நீதிமன்றமும் ஆகும். அரங்கின் கதையில் பாதி அங்கேதான் நடந்தது எனலாம்.

முதல் கட்டடம் பழைய புகைவண்டிக் கொட்டகை ஒன்றிலிருந்து உருவானது. அக்காலத்தில் பரிசுக் குத்துச்சண்டை நியூயார்க் மாநிலத்தில் குற்றம். ஆகவே, 'இது சண்டை அன்று. கலையைக் காட்டும் காட்சி' என்று சொல்லியே நுழைவுச் சீட்டு விற்றனர். 1882 ஜூலையில் ஜான் சல்லிவன் என்ற பெருவீரர் தம் எதிரில் நான்கு சுற்றுகள் தாக்குப்பிடிப்பவருக்கு 1,000 டாலர் தருவதாக அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த டக் வில்சன் அடிபடுமுன்னரே கீழே விழுந்து விழுந்து எழுந்து நான்கு சுற்றுகளையும் கடத்திப் பணத்தைப் பெற்றுச் சென்றார்! மறு ஆண்டில் சல்லிவன் சார்லி மிட்சலுடன் மோதியபோது மூன்றாம் சுற்றில் போலீசார் புகுந்து நிறுத்தினர். காட்சி எது, சண்டை எது என்பதைப் பிரித்தறியும் வேலை அன்று போலீஸ் அதிகாரியின் கையில் இருந்தது.

1890-இல் ஸ்டான்போர்டு ஒயிட் என்ற கட்டடக் கலைஞர் இரண்டாம் கட்டடத்தை எழுப்பினார். (1906-இல் அதன் மாடித் திறந்தவெளி அரங்கிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வேறு கதை.) சட்டம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 1896-இல் அனுமதி, 1900-இல் தடை, 1911-இல் மீண்டும் அனுமதி, 1917-இல் மீண்டும் தடை. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. பத்துச் சுற்றுகள் ஆடலாம். ஆனால் வென்றவர் யார் என்று நடுவர் அறிவித்தல் கூடாது. சூதாட்டத்தைத் தடுப்பதே நோக்கம். நடந்தது என்ன? பந்தயம் கட்டியோர் மறுநாட் செய்தித்தாளைப் பார்த்து நிருபர் எழுதிய தீர்ப்பின்படி பணத்தைத் தீர்த்துக்கொண்டனர். நீதிபதி வேலை நிருபருக்குப் போயிற்று, சூதாட்டம் குறையவில்லை.

1920-இல் வந்த வாக்கர் சட்டமே நிலையான திருப்பம். அதனைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வாக்கர் பின்னர் நியூயார்க்கின் மேயரானவர். இச்சட்டம் குத்துச்சண்டையை மாநில ஆணையம் ஒன்றின் கண்காணிப்பில் வைத்தது. வீரர், நடுவர், போட்டி அமைப்பாளர் அனைவருக்கும் உரிமம் வேண்டும். மருத்துவர் உடனிருக்க வேண்டும். சுற்றுகள் பதினைந்துக்கு மேற்படக் கூடாது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று ஜாக் டெம்ப்சி பில் பிரென்னனை 12-ஆம் சுற்றில் வீழ்த்தினார். டெக்ஸ் ரிக்கார்டு என்ற அமைப்பாளர் இத்தகைய போட்டிகளால் பெருஞ்செல்வம் திரட்டி, 1925-இல் எட்டாம் அவென்யூவில் மூன்றாம் கட்டடத்தை 249 நாட்களில் எழுப்பினார். அன்று அமைத்த கோதா நான்காம் கட்டடத்திற்கும் இடம் மாறி 2007 வரை உழைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உரிமம் வந்ததால் ஊழல் ஒழிந்ததா? இல்லை. 1947 நவம்பரில் ஜேக் லமோட்டா இவ்வரங்கில் பில்லி பாக்ஸிடம் நான்காம் சுற்றில் தோற்றார். பட்டப் போட்டிக்கு வாய்ப்புத் தருவதாகச் சொன்னதால் வேண்டுமென்றே தோற்றதாக 1960-இல் செனட் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். திறமை மிக்க வீரனும் பட்டத்தை நெருங்கத் தோற்றுக்காட்ட வேண்டியிருந்தது என்பதைவிட இத்தொழிலுக்கு இழுக்கு வேறென்ன? பட்டப் போட்டிகளையெல்லாம் ஒரே நிறுவனம் கைக்குள் வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 1959-இல்தான் உடைத்தது. ஜோ லூயியின் நிலையோ வேறு. வருமானவரிப் பாக்கி துரத்த, 37-ஆம் வயதில் மீண்டும் கையுறை அணிந்த அப்பெருவீரர் 1951-இல் ராக்கி மார்சியானோவின் குத்தில் எட்டாம் சுற்றில் இங்கே சாய்ந்தார்.

1962 மார்ச் 24 அன்று நிகழ்ந்தது மேலும் கொடியது. எமில் கிரிபித், பென்னி பரெட் இருவரும் மோதிய அப்போட்டியை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டனர். மூன்றரை மாதங்களுக்கு முன்புதான் பரெட் மற்றொரு போட்டியில் கடுமையாக அடிபட்டிருந்தார். ஆயினும் உரிமம் இருந்தது, கோதாவில் இறங்கினார். 12-ஆம் சுற்றில் மூலையில் அகப்பட்டார். விழ வேண்டியவரைக் கயிறுகள் தாங்கிப் பிடித்தன. விழாததால் குத்துகள் நிற்கவில்லை. நினைவு திரும்பாமலேயே ஏப்ரல் 3 அன்று இறந்தார். நடுவரும் மருத்துவரும் இருந்தனர்; விதிகளும் இருந்தன. எல்லாம் இருந்தும் ஓர் உயிர் போயிற்று. 1964-இல் வாராந்தரக் குத்துச்சண்டை ஒளிபரப்பும் முடிவுற்றது.

1968-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மேல் நான்காம் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்த முகம்மது அலியின் உரிமத்தை ஆணையம் அன்றே பறித்திருந்தது. தொழிலைத் தூய்மைப்படுத்தப் பிறந்த அதிகாரம் ஒருவரின் மனச்சான்றைத் தண்டிக்கப் பயன்பட்டது. அலியின் வழக்கறிஞர்கள் ஆணையத்தின் பழைய ஏடுகளையே புரட்டினர். கொலை, கொள்ளைக் குற்றங்களில் தண்டனை பெற்றோர்க்கும், படையை விட்டு ஓடியோர்க்கும் உரிமம் வழங்கப்பட்டிருந்தது தெரிந்தது! இவருக்கு மட்டும் மறுப்பது பாரபட்சம் என 1970-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அலி கார்டனுக்குத் திரும்பினார்.

1971 மார்ச் 8 அன்று அலியும் ஜோ பிரேசியரும் தோல்வியே அறியாத வீரர்களாக எதிரெதிரே நின்றனர். ஆளுக்கு 25 லட்சம் டாலர். 15-ஆம் சுற்றில் பிரேசியர் வளைத்து வீசிய இடக்கைக் குத்தில் அலி மல்லாந்து விழுந்தார், உடனே எழுந்தார். வெற்றி பிரேசியருக்கு. மூன்று மாதங்களுக்குப் பின் அலியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இழந்த மூன்றரை ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் தர இயலவில்லை. இங்கே நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த எல்லிஸும் 1970-இல் கார்டனில் பிரேசியரிடம் தோற்றவரே.

பின்னர்ச் சூதாட்ட விடுதிகள் பெரும் போட்டிகளை லாஸ் வேகாஸுக்கும் அட்லாண்டிக் சிட்டிக்கும் இழுத்துச் சென்றன. கார்டன் சீட்டு விற்றுப் பிழைக்க வேண்டும். விடுதிகளுக்கோ சண்டை பார்க்க வந்தவர் சூதாட உட்கார்ந்தாலே ஆதாயம். அந்தப் போட்டியில் கார்டன் வெல்ல வழியில்லை.

பெண்களுக்கு நியூயார்க் ஆணையம் நெடுங்காலம் உரிமம் தரவில்லை. வழக்குத் தொடுத்த பின்னரே 1978-இல் மூவர் அதனைப் பெற்றனர். அதற்கு 44 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரல் 30 அன்று, அயர்லாந்தின் கேட்டி டெய்லரும் போர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செர்ரானோவும் கார்டனில் தலைமைப் போட்டியில் மோதிய முதல் பெண்களாயினர். 19,000-க்கு மேற்பட்டோர் அரங்கை நிறைத்தனர். டெய்லர் வென்றார். ஆண்களுக்குச் சுற்று 3 நிமிடம்; அன்று இவர்களுக்கு 2 நிமிடம். மறு ஆண்டில் செர்ரானோ வேறொரு நகரில் 3 நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டை ஆடி முடித்தார்.