ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு மருந்து?

கேள்வி: எனக்கு ஒற்றைத் தலைவலி அடிக்கடி வரும். மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். இரண்டு மாதம் ஒரு மாத்திரை, பிறகு மூன்று வாரம் ஒன்றும் கிடையாது, அப்புறம் இரண்டு மாதம் வேறு மாத்திரை. எது என்ன மருந்து என்று டாக்டருக்கே தெரியாதாம். ஏன் இப்படி மாற்றி மாற்றி? நடுவில் வலி வந்தால் என்ன செய்வது, டாக்டர்?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் இது நல்ல முறை. இதன் பெயர் கிராஸ்-ஓவர் ஆய்வு.

உங்களுக்கு மாதம் இரண்டு முறை வரும் வலி, இன்னொருவருக்குப் பத்து முறை வரும். உங்களுக்கு ஒரு மருந்தும் அவருக்கு வேறொன்றும் கொடுத்தால், குணம் மருந்தாலா, ஆள் வித்தியாசத்தாலா? இரண்டையும் உங்களுக்கே கொடுத்தால் அந்தக் குழப்பம் குறைகிறது. குறைந்த ஆட்களும் போதும். எது முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால், இரண்டாவது மருந்து கோடை வெயிலில் மாட்டிக்கொண்டு கெட்ட பெயர் வாங்கும்.

இந்த முறையின் வலிமையை 2020-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட 'சாம்சன்' ஆய்வில் பார்க்கலாம். பக்கவிளைவால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திய 60 பேர். ஒவ்வொருவருக்கும் ஓராண்டுக்கு 12 புட்டிகள்: நான்கில் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, நான்கு காலி. தினமும் உடம்புத் தொந்தரவுக்குச் செல்போனில் 100-க்கு மதிப்பெண் போட்டார்கள். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரைக்கு 15.4, ஸ்டாட்டினுக்கு 16.3. தொந்தரவு நிஜம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி மருந்தால் வரவில்லை, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்தால் வந்தது. முடிவைக் காட்டியபின், ஆறு மாதத்தில் பாதிப்பேர் ஸ்டாட்டினை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

உங்கள் ஆய்வில் நடுவில் மூன்று வாரம் எதற்கு என்றால், முதல் மருந்து உடம்பை விட்டுப் போவதற்கு. அது மிச்சமிருந்தால் இரண்டாவது மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே மருந்தில் அடியோடு குணமாகும் நோய்க்கு இந்த முறை உதவாது. இரண்டாம் சுற்றில் சோதிக்க நோயே இருக்காது. ஒற்றைத் தலைவலி திரும்பத் திரும்ப வருவது, அதனால் பொருந்தும்.

கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்: மருந்தில்லாத நாட்களில் வலி வந்தால் எந்த மாத்திரை போடலாம், ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.