'இங்' போதுமா, 'ஹேவிங்' வேண்டுமா?



வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு மாணவி தாம் எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். முதல் வரி இது: "கம்ப்ளீட்டிங் மை டிப்ளோமா, ஐ விஷ் டு அப்ளை ஃபார் த போஸ்ட்." அவர் டிப்ளோமாவை முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனால், அவ்வரியைப் படிக்கும் அதிகாரி, 'இந்தப் பெண் இன்னும் படிக்கிறாள் போலும்' என்றே எண்ணக்கூடும். "ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிப்ளோமா" என்று திருத்தினோம். ஐயம் நீங்கியது.

இப்பிழை ஏன் வருகிறது? தமிழில் 'முடித்து' என்ற வினையெச்சமே முன் நடந்ததைக் காட்டிவிடும். அதே நினைவில் 'இங்' சேர்த்து எழுதிவிடுகிறோம். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தமிழில் 'கொண்டே' பொருந்தினால் 'இங்'. 'விட்டு' பொருந்தினால் 'ஹேவிங்'.

1. இரு செயலும் ஒரே நேரத்தில் நடந்தால் 'இங்': "வாக்கிங் டு ஸ்கூல், ஷி மெட் ஹெர் டீச்சர்." (நடந்துகொண்டே.)

2. ஒன்று முற்றிலும் முடிந்த பிறகு மற்றது நடந்தால் 'ஹேவிங்': "ஹேவிங் சேவ்ட் ஃபார் டூ இயர்ஸ், ஹி பாட் எ மோட்டார் சைக்கிள்." (சேமித்துவிட்டு.)

3. சிறு செயல்கள் அடுத்தடுத்து உடனே நடந்தால் 'இங்' போதும்: "டேக்கிங் ஆஃப் ஹிஸ் ஷூஸ், ஹி என்டர்ட் த டெம்பிள்."

4. 'ஆஃப்டர்' இருந்தால் அதுவே வரிசையைச் சொல்லிவிடும். "ஆஃப்டர் ஃபினிஷிங் த வொர்க்" என்றாலே போதும்.

சில இடங்களில் இரண்டுமே சரி, பொருள்தான் மாறும். "ரீடிங் த லெட்டர், ஷி வெப்ட்" என்றால் படிக்கும்போதே அழுதாள். "ஹேவிங் ரெட் த லெட்டர்" என்றால் படித்து முடித்த பின் அழுதாள்.

இன்னொரு எச்சரிக்கை. "ஹேவிங் ஃபினிஷ்ட் த பேப்பர், த பெல் ரேங்" என்று எழுதாதீர்கள். தேர்வு எழுதியது மணியா? எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். இது நமக்குப் புதிதன்று. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் விதி. தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு ஆங்கில இலக்கணம் பாதி வந்துவிட்டது எனலாம்.

பயிற்சி: அடைப்புக்குறியில் உள்ள வினையை மாற்றுக.

(அ) (லூஸ்) ஹிஸ் ஐ.சி. லாஸ்ட் வீக், ஹி வென்ட் டு த போலீஸ் ஸ்டேஷன் திஸ் மார்னிங்.
(ஆ) (ஹோல்ட்) அன் அம்ப்ரெல்லா இன் ஒன் ஹேண்ட், ஷி ஓபன்ட் த கேட்.
(இ) நாட் (ஸ்லீப்) லாஸ்ட் நைட், ஐ ஆம் டயர்ட் டுடே.

விடை: (அ) ஹேவிங் லாஸ்ட் (ஆ) ஹோல்டிங் (இ) ஹேவிங் ஸ்லெப்ட். மூன்றாவதில் 'நாட்' முன்னே நிற்பதைக் கவனியுங்கள்.

எஸ்.பி.எம். தாளிலும் சரி, வேலைக் கடிதத்திலும் சரி, எழுதிய வரியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டே'யா, 'விட்டு'வா என்பது தானே விளங்கும்.