விருந்தினருக்கு வீட்டைத் திறக்குமுன்

தசரா நாள்களில் மைசூரு விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. அதனைக் கண்டு, மாடியில் வெறுமையாய்க் கிடக்கும் இரண்டு அறைகளைப் பயணியருக்கு விடலாமா, அதற்குக் கடன் கிடைக்குமா என வாடிக்கையாளர் சிலர் எங்களிடம் வினவுகின்றனர். கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுமாறு நாங்கள் கூறுவது வழக்கம்.

முதலாவது, அவ்வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்களா? 'ஹோம்ஸ்டே' என்பதற்கு இதுவே அடிப்படை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் 1 முதல் 6 அறைகள் வரை ஏற்று, கோல்டு, சில்வர் எனத் தரம் வழங்குகிறது. உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசித்தல் வேண்டும். ஆளின்றிப் பூட்டிய வீட்டை நாள்வாடகைக்கு விடுவது இவ்வகையில் சேராது. மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு குறித்தும், மாநகராட்சியில் வணிக உரிமம் குறித்தும் முன்னதாகவே கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, தங்குவோர் யாவர்? கோகுலம் பகுதிக்கு யோகம் பயில வெளிநாட்டினர் பலர் வருகின்றனர். அத்தகையோரைத் தங்கவைப்பவர், 24 மணி நேரத்துக்குள் அவர்தம் விவரங்களை உரிய படிவத்தில் இணையவழியாகக் குடியேற்ற அதிகாரிகளுக்கு அனுப்புதல் கட்டாயம். ஓர் அறை மட்டுமே உள்ளது என்பதால் இதற்கு விலக்கு இல்லை.

மூன்றாவது, கணக்கு ஆண்டு முழுமைக்கும் தாங்குமா? அறைக்கு நாள் வாடகை ரூ.2,000 எனக் கொள்வோம். இரண்டு அறைகளும் தசராவின் 10 நாளும் நிரம்பினால் வரவு ரூ.40,000. இதையே மாதம் ரூ.1,20,000 எனப் பெருக்கிப் பார்ப்பது பிழை. ஆண்டில் 90 நாள்களே நிரம்பினால் வரவு ரூ.3,60,000, மாதச் சராசரி ரூ.30,000. துப்புரவு, மின்கட்டணம், வருமான வரி, கடன் தவணை யாவும் அதற்குள் அடங்குதல் வேண்டும். தசரா ஆண்டுக்கு ஒருமுறை வரும். தவணையோ 12 முறை வரும்.

ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. முத்ரா கடனுக்குப் பிணையம் வேண்டுவதில்லை. ஆகவே இரண்டு அறைகளைச் சீரமைக்க, குடியிருக்கும் வீட்டையே அடமானம் வைக்க விரைதல் வேண்டாம். அவ்வீட்டின்மீது வீட்டுக் கடன் நிலுவையில் இருப்பின், பயன்பாட்டை மாற்றுமுன் கடன் தந்த கிளையில் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுக.

இம்மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள்; உடனமர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.